ஞானப்பல் ஆபரேஷனுக்கு செடேஷன் கொடுப்பார்களாம், எனக்குத் தூக்கமே போய்விட்டது

பதினாலாம் வளைவு

வணக்கம். குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறேன், வயது 41. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் நேராக முளைக்காமல் படுத்த வாக்கில் பக்கத்துக் கடவாய்ப்பல்லை முட்டிக்கொண்டு இருக்கிறது. இரண்டு வருடமாக இடது பக்கம் வீங்கும், மாத்திரை போட்டால் அடங்கும், மறுபடி வீங்கும். போன மாதம் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை, கன்னம் பன் மாதிரி ஆகிவிட்டது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று இங்கே இருக்கிற பல் டாக்டர் தாடை முழுக்க ஒரே படத்தில் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் தாடை ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் அனுப்பினார். அடுத்த வியாழன் காலை 9 மணிக்கு இடது பக்கம். சீசன் தொடங்குவதற்குள் ஒரு பக்கமாவது முடிந்தால் போதும், ஏப்ரல் மே மாதத்தை விட்டால் எங்களுக்கு வருமானம் ஏது.

விஷயம் என்னவென்றால் எனக்குப் பல் டாக்டர் என்றாலே ஆகாது. ஒன்பது வயதில் ஒரு பல் பிடுங்கினார்கள். எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம். மரத்துப்போவதற்கு முன்னாலேயே குறடு உள்ளே வந்துவிட்டது. நான் கத்த, சித்தப்பா தோளை அமுக்க, அங்கிருந்த ஓர் அம்மா என் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கை வளையல் பதிந்த தடம் சாயங்காலம் வரை நெற்றியில் இருந்ததாம், அம்மா இப்போதும் சொல்வார். அன்றிலிருந்து பல் ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கிராம்பு மருந்து வாசனை அடித்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். மூன்று வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில் பல் அடைக்கப் போய், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலேயே மயங்கிவிட்டேன். இதைச் சொன்னதும் கோயம்புத்தூர் டாக்டர், ‘அப்படியானால் செடேஷனில் செய்துவிடலாம், கையில் நரம்பு ஊசி போடுவோம், அரைத்தூக்கமாக இருக்கும், ஒன்றும் ஞாபகம் இருக்காது’ என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கியது.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு, மூடுபனியோ மழையோ தினமும் ஏறி இறங்குகிறேன், ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. ஆனால் வேறொருவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தால் பர்லியாறு வருவதற்குள் வாந்தி. இல்லாத பிரேக்கைக் காலால் தேடிக்கொண்டே இருப்பேன். இப்போது யாரோ ஒருவர் என்னைத் தூங்க வைத்து வாய்க்குள் எலும்பைக் குடைவார், எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் எப்படி நிம்மதியாக இருப்பது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செடேஷன் என்றால் முழு மயக்கம்தானா? விழிக்காமலே போய்விட வாய்ப்பு உண்டா? இல்லை, பாதியில் விழித்து, வலிக்கிறது என்று சொல்லவும் முடியாமல் கிடப்பேனா? இன்னொன்று, சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் மனதில் இருப்பதையெல்லாம் உளறிவிடுவார்களாமே. வீட்டுக்காரிதான் கூட வருகிறாள், அவளுக்குத் தெரியாத கடன் ஒன்று இருக்கிறது.

ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது, கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை, போனில் பல் ஆபரேஷன் வீடியோவாகப் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

கேத்தி கேரட்

அண்ணா, முதலில் அந்த வீடியோக்களை நிறுத்துங்கள். நானும் பார்த்தேன், பார்க்கப் பார்க்க இன்னும் கோரமானதாகத்தான் காட்டும்.

எனக்குப் போன வருடம் இரண்டு கீழ் ஞானப்பல்லையும் ஒரே நாளில் எடுத்தார்கள், இதே செடேஷன்தான், கோயம்புத்தூரில்தான். நடந்ததை அப்படியே சொல்கிறேன். உள்ளே போனதும் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள், அது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டிக்கொண்டே இருக்கும், டிங் டிங் என்று சத்தம் வரும். இன்னொரு கையில் பிரஷர் பட்டை. நான் ஒரு கல்யாணத்துக்கு மருதாணி வைத்த கையோடு போனேன், கிளிப் சரியாகக் காட்டவில்லை என்று விரல் விரலாக மாற்றிப் பார்த்தார்கள், நகப்பூச்சு இருந்தாலும் இதே கதைதானாம். அப்புறம் ஸ்வெட்டர். நம் ஊர் குளிருக்கு உள்ளே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு போட்டுக்கொண்டு இறங்கினேன், கீழே போய்ப் பார்த்தால் முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. நீங்கள் அரைக்கைச் சட்டை மேல் ஒரு ஸ்வெட்டர் போட்டுப் போங்கள், கழற்ற லேசாக இருக்கும்.

புறங்கையில் ஊசி ஏற்றினார்கள். அன்று முழுக்க எனக்கு ஞாபகம் இருக்கிற வலி அது ஒன்றுதான். மயக்க டாக்டர் எந்த ஊர் என்று கேட்டார். கேத்தி என்றேன். அங்கே கேரட்தானே, இப்போது என்ன விலை போகிறது என்றார். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடித்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்து எனக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரர் கீழே குனிந்து என் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தது. நடுவில் முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. எனக்கு அது ஒரு கண்சிமிட்டு. ஆனால் நடுவில் நான் பேசினேனாம், வாயைத் திற என்றதும் திறந்தேனாம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே மலை ஏறினோம். தலை கிறுகிறு என்றிருந்தது, துப்பக் கூடாது என்றார்களே என்று வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டே வந்தேன், மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாம் வெளியே வந்துவிட்டது, கறுப்பாக. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பயந்துபோய் அங்கேயே போன் போட்டார். விழுங்கின ரத்தம்தான் அப்படி வரும், பஞ்சை மாற்றிக் கடியுங்கள் என்றார்கள். சொந்தக்காரர் வீடு மேட்டுப்பாளையத்தில் இருந்தால் அன்று ராத்திரி அங்கேயே இருந்துவிடுங்கள் அண்ணா. ராத்திரி ரத்தக்கசிவு நிற்கவில்லை என்றால் மூடுபனியில் யானைக்கு வழிவிட்டுக்கொண்டு இறங்க முடியாது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லவ்டேல் லாரி

இதற்கெல்லாம் எதற்கு செடேஷன். முந்தின நாள் ராத்திரி ஒரு குவார்ட்டர், காலையில் ஒரு கட்டிங். பல் போனதே தெரியாது. எங்கள் தாத்தா அப்படித்தான் ஆறு பல் எடுத்தார்.

தியேட்டர் சிஸ்டர்

லாரித் தம்பி, விளையாட்டுக்குச் சொன்னாலும் இதை யாராவது நம்பிவிடுவார்கள். மது, செடேஷன் மருந்து இரண்டுமே மூச்சை மந்தப்படுத்தும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. வாசனை வந்தால் எந்த மயக்க டாக்டரும் அன்றைக்கு கேஸையே ரத்து செய்துவிடுவார்.

நான் கோத்தகிரிப் பக்கம், கோயம்புத்தூரில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை. கேள்வி கேட்ட அண்ணனுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, நான் உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை.

முழு மயக்கம் வேறு, இது வேறு. முழு மயக்கத்தில் எழுப்பினாலும் எழ மாட்டீர்கள், பெரும்பாலும் தொண்டையில் குழாய் வைத்து மூச்சைப் பார்த்துக்கொள்வார்கள். செடேஷனில் நீங்களே மூச்சு விடுவீர்கள், கூப்பிட்டால் ம் என்பீர்கள். நரம்பு வழியாகக் கொடுப்பது பெரும்பாலும் மிடசோலம் என்ற மருந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் வேலையைக் காட்டும். ஒரேயடியாக ஏற்ற மாட்டார்கள், கொஞ்சம் கொடுத்து உங்களைப் பார்த்து, பேச்சுக் கொடுத்து, மறுபடி கொஞ்சம். கேரட் விலை கேட்டதெல்லாம் அதற்குத்தான், நாக்கு குழறுகிறதா என்று பார்ப்பது. அந்த மருந்து ஏறிய பிறகு நடப்பது மனதில் பதியாது, பழைய ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகாது. அளவு கூடிவிட்டால் அதை முறிக்க ஃப்ளூமசெனில் என்று மாற்று மருந்து இருக்கிறது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்து வருவது பெரும்பாலும் மூச்சு மந்தமாவதில்தான், அதைக் கவனிக்கத்தான் அந்தக் கிளிப்பும் பக்கத்தில் ஒருவரும். அதனால் போன் செய்து கேளுங்கள்: செடேஷனைப் பார்த்துக்கொள்ளத் தனியாக மயக்க டாக்டர் வருகிறாரா, ஆக்சிஜனும் மாற்று மருந்தும் அதே அறையில் இருக்கிறதா? இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

பாதியில் வலிக்குமா என்றால், வலியை எடுப்பது செடேஷன் இல்லை. அதற்குத் தனியாக ஈறில் லிக்னோகைன் ஊசி கட்டாயம் உண்டு, நீங்கள் அரைத்தூக்கத்துக்குப் போன பிறகு போடுவார்கள். கீழ்ப்பல்லுக்குத் தாடையின் உள்பக்கம் உணர்வு நரம்பருகே போடும் ஊசி, கீழுதட்டில் ஒரு பாதி, நாக்கில் ஒரு பாதி எல்லாம் கட்டையாகிவிடும். உதடு தடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியையே எடுப்பார்கள். அந்த ஊசியில் ரத்தம் குறைய அட்ரினலின் கலந்திருக்கும், சிலருக்கு ஓரிரு நிமிடம் நெஞ்சு படபட என்று அடிக்கும், பயந்தவர்கள் அதை ஹார்ட் அட்டாக் என்று நினைத்துக்கொள்வார்கள். அழுத்துவதும் தள்ளுவதும் தெரியலாம், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் இடது கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். இதை முதலிலேயே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதில் நடந்ததையும் சொல்லுங்கள், வளையல் தடம் உட்பட. மரத்துப்போகும் முன் செய்துவிடுவார்கள் என்பதுதான் உங்கள் பயம் என்று அவருக்குத் தெரிந்தால் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்வார்.

அப்புறம் சாப்பாடு. பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். உங்களுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் நேரம் எதுவோ அதுதான் கணக்கு. டிரைவர்கள் எல்லோரும் தப்பு செய்வது டீயில். பால் சேர்ந்த டீ தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கு. 9 மணிக்கு ஆபரேஷன் என்றால் விடியற்காலை 3 மணிக்கு மேல் பால் டீ கிடையாது. ஆறு மணிக்குக் கிளம்பிக் கல்லாறில் வண்டியை ஓரங்கட்டிப் பழக்க தோஷத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மதியம் வரை காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எது எடுத்தாலும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தவோ போடவோ வேண்டாம். பலமாகக் குறட்டை விடுவீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், மூச்சு விஷயத்தில் அது முக்கியம்.

நீங்கள் ஊசியைப் பார்த்து மயங்கினீர்களே, அது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது, நிறையப் பேருக்கு உண்டு, கோழைத்தனம் இல்லை. அதற்கு மூச்சை இழுத்து விடுவதைவிட ஒரு வித்தை நன்றாக வேலை செய்யும். பிரேக்கை மிதிக்கிற மாதிரி இரண்டு காலையும் தொடையோடு சேர்த்து இறுக்குங்கள், முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை, ஒரு பத்துப் பதினைந்து விநாடி. பிறகு அரை நிமிடம் தளர விடுங்கள். ஐந்து முறை. ஊசி ஏற்றுகிற கையை மட்டும் இறுக்காதீர்கள், நரம்பு கிடைக்காது. வியாழன் வரை தினம் வீட்டில் செய்து பழகுங்கள்.

24 மணி நேரம் வண்டி கிடையாது. தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும், அந்த மருந்து அப்படித் தோன்ற வைக்கும். பத்திரம் எதிலும் கையெழுத்தும் கிடையாது, கடன் பத்திரம் உட்பட.

ஓய்வு வாத்தியார், கோத்தகிரி

தம்பிக்கு ஒரு தகவல். மயக்க மருந்து உலகத்துக்குத் தெரிய வந்ததே பல் வைத்தியத்தால்தான். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு ஊரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், 1844 டிசம்பரில் சிரிப்பூட்டும் வாயுவை வைத்து நடந்த ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் போனார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் நல்ல அடி பட்டும் வலியே தெரியாமல் இருந்ததைப் பார்த்தார். மறுநாளே அந்த வாயுவைத் தாமே முகர்ந்து தம் கடவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கச் சொன்னார். டாக்டரே முதல் நோயாளி. அடுத்த மாதம் பாஸ்டனில் மாணவர்கள் முன் செய்துகாட்டப் போனபோது, வாயு போதாமல் நோயாளி கத்திவிட்டார், எல்லோரும் கேலி செய்து அனுப்பினார்கள். பிறகு 1846 அக்டோபர் 16 அன்று, அவரோடு முன்பு தொழில் கூட்டாளியாக இருந்த மார்ட்டன் என்ற இன்னொரு பல் மருத்துவர்தான் அதே பாஸ்டனில் ஈத்தரை வைத்து ஜெயித்தார். நூற்றெண்பது வருடமாக உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். தைரியமாகப் போய் வாருங்கள்.

பதினாலாம் வளைவு

சார், நன்றி. ஆனால் நடுவில் அந்த நோயாளி கத்தின இடத்தில் எனக்கு மறுபடி வேர்த்துவிட்டது.

சிஸ்டர், கேத்தித் தங்கச்சி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பால் டீ விஷயம் நீங்கள் சொல்லாவிட்டால் சத்தியமாகக் குடித்திருப்பேன். மேட்டுப்பாளையத்தில் என் தங்கச்சி வீடு இருக்கிறது, பேசிவிட்டேன். கால் இறுக்குவதும் செய்து பார்த்தேன், என்னமோ தெரியவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது, கடைசியில் பிரேக் கிடைத்த மாதிரி.

ஒரு சந்தேகம் சிஸ்டர். வாரத்தில் மூன்று நான்கு நாள் ராத்திரி வண்டியை விட்ட பிறகு கொஞ்சம் போடுவேன். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? வீட்டுக்காரிக்கு ஒரு நாள் என்றுதான் கணக்கு.

தியேட்டர் சிஸ்டர்

கட்டாயம் சொல்ல வேண்டும், உண்மையான கணக்கை. வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு மருந்து அளவு மாறும். டாக்டர் கேட்கும்போது வீட்டில் சொன்ன கணக்கையே சொல்கிறவர்கள்தான் எங்களுக்குத் தொல்லை. பெயர் கொடுக்கவோ ஃபைல் வாங்கவோ வீட்டம்மாவை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். முன்னதாக எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

உளறல் பயத்துக்கு: எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், குடும்ப ரகசியம் சொன்னவர் அபூர்வம். பெரும்பாலும் பசிக்கிறது என்பார்கள், அல்லது ஒரே கேள்வியை ஏழு முறை கேட்பார்கள். அப்படி எதையாவது சொன்னாலும் அது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, சாயங்காலம் மறந்துவிடுவோம்.

லைன் வீட்டு அக்கா

எல்லோரும் செடேஷன், செடேஷன் என்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், திட்டாதீர்கள். எனக்கு வயது 58, டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ரிடையர் ஆனவள். ஞானப்பல் ஒன்று, சொத்தைப்பல் இரண்டு, மூன்றும் வெறும் மரப்பு ஊசியில்தான் எடுத்தேன். நானும் பயந்தாங்கொள்ளிதான் தம்பி, அட்டை கடித்தால்கூடப் பயப்படாதவள் ஊசிக்குப் பயப்படுவேன். ஆனால் அந்தப் பொண்ணு டாக்டர் என்ன செய்தாள் என்றால், ஒவ்வொரு சாமானையும் எடுத்து என் கையில் கொடுத்து, இது இதற்கு அம்மா என்றாள். ஊசிக்கு முன்னால் ஈறில் ஒரு பசை தடவினாள், குத்தினது பாதிதான் தெரிந்தது. பல்லை ரெண்டாக வெட்டித்தான் எடுத்தாள், எலும்பு வழியாக அந்தச் சத்தம் மண்டைக்குள் மாவு மில் மாதிரி கேட்டது, சத்தம்தானே, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்து நானே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஆள் தேடி, காரை அமர்த்தி, பட்டினி கிடந்து, அதற்குத் தனியாகக் காசும் கட்டி, இதெல்லாம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. தூங்கிவிடுவோம் என்பதுதானே தம்பிக்குப் பயம்? அப்போ முழித்துக்கொண்டே செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

தியேட்டர் சிஸ்டர்

அக்கா சொல்வது தப்பே இல்லை. நல்ல டாக்டரும் நல்ல மரப்பு ஊசியும் இருந்தால் நிறையப் பேருக்கு அதுவே போதும். நடுவில் இன்னொரு வழியும் உண்டு. வாத்தியார் ஐயா சொன்ன அதே நைட்ரஸ் வாயுவை மூக்கு மூடி வழியாக ஆக்சிஜனோடு கலந்து கொடுப்பது. மிதப்பாக இருக்கும், விழிப்பும் இருக்கும், நிறுத்திவிட்டு வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். சளியால் மூக்கடைத்திருந்தால் சரிப்படாது. நம் மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் அதே கலவை கீழே இருப்பதைவிடச் சற்று மந்தமாகத்தான் வேலை செய்யும், கோயம்புத்தூரில் அந்தக் கவலை இல்லை.

ஆனால் இந்த அண்ணன் ஏற்கெனவே நாற்காலியில் மயங்கியவர், பல்லும் படுத்துக் கிடக்கிறது. அவரைப் பார்த்த டாக்டர் நரம்பு வழிதான் நல்லது என்றால் நான் அதையே கேட்பேன். லேசான அளவு போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம், அதில் தவறில்லை. பல் வேர் தாடை நரம்புக்கு எவ்வளவு பக்கம் என்பதையும் கேளுங்கள். எடுத்த பிறகு சிலருக்கு உதடோ நாக்கோ சில வாரம் மரத்துக் கிடக்கும், அபூர்வமாக நிரந்தரமாகவும் நின்றுவிடும். அது பல்லின் இருப்பைப் பொறுத்தது, செடேஷனால் வருவது இல்லை.

பதினாலாம் வளைவு

எல்லோருக்கும் வணக்கம். முடிந்தது. இன்றோடு ஆறாவது நாள்.

முந்தின ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டில் கூட ஓட்டுகிற பையனிடம்தான் உண்மையைச் சொல்லி ஓட்டச் சொன்னேன். பர்லியாறில் வாந்தி வரவில்லை, வயிற்றில் ஒன்றுமே இல்லையே. கல்லாறு டீக்கடையைத் தாண்டும்போது ஏலக்காய் வாசனை வந்தது பாருங்கள், அதுதான் அன்றைக்கு எனக்கு முதல் சோதனை.

டாக்டரிடம் ஒன்பது வயதுக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ‘உதடு தடித்த பிறகும் நான் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன், நீங்கள் கையைத் தூக்கினால் நிறுத்துவேன்’ என்றார். குடிக் கணக்கை வீட்டுக்காரி பில் கட்டப் போனபோது சொன்னேன். மயக்க டாக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை, எழுதிக்கொண்டார், குறட்டை பற்றிக் கேட்டார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்லி வாயைத் திறக்க வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

கை நரம்பு முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாவது குத்து. அப்போது கண்ணில் பூச்சி பறக்க ஆரம்பித்தது, சட்டென்று இரண்டு காலையும் இறுக்கினேன், திரையில் என் நாடி 118 என்று காட்டிக்கொண்டிருந்தது. மயங்கவில்லை. 41 வயதில் முதல் தடவையாக ஊசி குத்தும்போது விழித்துக்கொண்டிருந்தேன் சிஸ்டர்.

மயக்க டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். டிரைவர் என்றேன். அப்படியானால் கல்லாறிலிருந்து ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே ஏறுங்கள் என்றார். ஏறினேன். ஆறாவது வளைவு வரை ஞாபகம் இருக்கிறது, அங்கே ஓரத்தில் ஒரு பலாமரம் உண்டு. அப்புறம் பார்த்தால் வாயில் பஞ்சு. ஆபரேஷன் எப்போது என்று கேட்டேனாம், நான்கு முறை.

உளறினதும் நடந்தது. மேலே பஸ் வருகிறது ஹாரன் அடியுங்கள் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன். நர்ஸிடம், மலைக்கு வர இ-பாஸ் எடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். கடன் விஷயம் வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்றுமில்லை, எங்கே உளறிவிடுவேனோ என்ற பயத்தில் புதன்கிழமை ராத்திரி நானே சொல்லிவிட்டேன். அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியுமாம்.

மூன்று மணி வரை உதடு கட்டையாக இருந்தது, தண்ணீர் குடித்தால் ஒரு பக்கமாக ஒழுகியது. மரப்பு போனதும் வலித்தது, மாத்திரைக்கு அடங்கியது. தங்கச்சி வீட்டில் இரண்டு ராத்திரி இருந்தேன், பட்டாணிப் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்துத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்தார்கள். வீக்கம் மூன்றாம் நாள்தான் உச்சம், கண்ணாடியில் பார்க்க எனக்கே வேறு யாரோ மாதிரி இருந்தது, அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்துவிட்டது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், ஆனால் வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்துச் சாய்த்துத் துப்பச் சொன்னார்கள். பீடி, சிகரெட் ஒரு வாரத்துக்காவது கூடாது, ஸ்ட்ரா கூடாது, குழியில் கட்டின ரத்தக்கட்டி பெயர்ந்தால் எலும்பு காய்ந்து, இந்த வலியெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு வலிக்குமாம். ஆறிய ராகிக் கஞ்சி, தயிர்சாதம், மறுபடி ராகிக் கஞ்சி.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் அந்தக் கிராம்பு வாசனைக்கு உள்ளங்கை வேர்க்கிறது. வலது பக்கத்துக்கு ஜூனில் தேதி வாங்கியிருக்கிறேன், சீசன் முடிந்ததும்.

கேத்தி கேரட்

அண்ணா! இ-பாஸ் படித்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். பலாமரம் எட்டாவது வளைவு இல்லையா?

பதினாலாம் வளைவு

தங்கச்சி, ஆறுதான். தினம் பார்க்கிறவன் சொல்கிறேன்.

சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. நாளைக்குத் தையல் பிரிக்கப் போகிறேன். வர்க்கி பிஸ்கட் சாப்பிடலாமா?

தியேட்டர் சிஸ்டர்

வேண்டாம். அந்தத் தூள் நேராகக் குழிக்குள் போய் உட்காரும். இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

பதினாலாம் வளைவு

டீயில் ஊறவைத்து?

தியேட்டர் சிஸ்டர்

அண்ணா.